இராமையா வெட்டிய கான்கள்

இராமையாவின் கைகள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தன. இருந்தது ஒரு பேசின் தண்ணீர். முதலில் கண், அப்புறம் முகம், கழுத்து, கைகள், அக்குள். துணியை மாற்றி முதுகு. கடைசியாகத்தான் இடுப்புக்குக் கீழே. இந்த வரிசை தப்பினால் பேசினைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுக்க வேண்டும். வேறு தண்ணீர் இல்லை. ஆகவே வரிசை தப்பக் கூடாது.

ராக்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளாகத் திரும்பவில்லை. அவர்தான் திருப்பிவிட்டு, முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்திருந்தார். கார்த்திகையில் அவளுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதோடு போன பேச்சில் ஒன்றிரண்டு சொற்கள்தான் திரும்பி வந்திருந்தன. அவற்றில் ஒன்றை இப்போது சொன்னாள்.

“தலைக்கு.”

“ஊத்துறேன். தண்ணி வரட்டும்.”

“பீலி,” என்றாள்.

“பீலி காஞ்சு கெடக்கு புள்ள. எத்தன தரம் சொல்றது.”

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தலைமாட்டில் மண்மேட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். மேட்டுக்குள் இருக்கும் ஊற்று அதன் வழியாக வந்து சிமெந்துக் கல்லில் விழும். அதுதான் பீலி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராக்கம்மா குளித்தது அங்கே, துவைத்தது அங்கே, வலிப்பு மாதிரி ஏதோ வந்து விழுந்ததும் அங்கேதான். அவள் விழுந்தபோது பீலியில் மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கணக்கில் அது இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

இராமையா குதிகால்களைப் பார்த்தார். பரவாயில்லை. புட்டத்தின் மேலே, எலும்பு முட்டும் இடத்தைப் பார்த்தார். அங்கே போன கிழமை வெறும் சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. இப்போது தோல் உரிந்து, சின்னக் குத்திக் காசு ஒன்றின் அளவுக்குப் புண் திறந்திருந்தது. அதை மட்டும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் தனியாகக் கழுவி, துணி வைத்துக் கட்டினார். பேசினை வெளியே தூக்கிப்போய் மிளகாய்க் கன்றுகளின் தூரில் ஊற்றினார். கன்றுகள் சவர்க்கார வாசத்தோடு நன்றாகத்தான் வளர்ந்தன.

அந்தப் புண்தான் அவருக்கு இப்போது எல்லாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் புண் கட்டுகிற நிலூஷா மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள். சுத்தமாக வைத்து, அடிக்கடி திருப்பிப் படுக்கவைத்தால் ஆறும். ஆழமானால் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் பெண்கள் வார்ட். அங்கே துணைக்கு ஆம்பிளையை நிற்க விடமாட்டார்கள். பெண் துணை என்று அவருக்கு யாரும் இல்லை. ஒரே மகன் சந்திரகுமார் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒன்றிரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் அசையாதவள், தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல் அந்த வார்டில் தனியாகக் கிடக்க வேண்டும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் ஒரு பேசின் தண்ணீரை அவ்வளவு வரிசையாகச் செலவழித்தார்.

இராமையா அந்த ஹந்தானை மலையில்தான் பிறந்தார். மீசை அரும்புமுன் தோட்டத்தில் பேர் பதிந்தார். கவ்வாத்து வெட்டினார், மருந்து அடித்தார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கான். தேயிலைக்கு நடுவே மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வடிகாலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். மலைநாட்டு மழைக்கு மண் கரைந்து போகாமலும் தேயிலை வேரில் தண்ணீர் தேங்காமலும் அதுதான் காக்க வேண்டும். வாட்டம் கூடினால் தண்ணீர் ஓட்டமெடுத்து மண்ணை வாரிக்கொண்டு போகும். குறைந்தால் தேங்கி நிற்கும். இராமையா மட்டப்பலகை வைத்ததில்லை. வெட்டி முடித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். அதில் காய்ந்த இலை ஒன்றைப் போடுவார். ஆள் நடக்கிற வேகத்தில் இலை போனால் கான் சரி. இலைக்குப் பக்கத்தில் அவரும் நடந்துபோய்ப் பார்ப்பார். கணக்கப்பிள்ளை வேறு மலையில் வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். தேங்கின தண்ணீர் இராமையாவுக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. வீட்டு வாசலில் தேங்கினாலும் காலால் கோடு கீறி வடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

பென்சன் வந்த பிறகு அவர் லயத்துக்கு மேலே இருக்கிற கெஸ்ட் ஹவுஸில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சரிவு ஒரு காலத்தில் தேயிலை மலை. கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிக் கிடந்ததை, மடவளையைச் சேர்ந்த நளீர் முதலாளி வாங்கிக் கட்டடம் கட்டினார். கட்டுகஸ்தோட்டையில் அவருக்குப் புடவைக் கடை. மேலே நின்றால் கண்டி நகரமும் வாவியும் தெரியும் என்பதால் ஆட்கள் வந்து தங்கினார்கள். முன்னால் புல்வெளி, ஓரத்தில் ஹைட்ரேஞ்சியா, நிழலில் அந்தூரியம், படிக்கட்டின் இரு பக்கமும் குரோட்டன்.

வருஷத்தின் போக்கு இராமையாவுக்கு அத்துப்படி. சித்திரையில் பின்னேரத்து இடிமழை. அப்போதுதான் நட வேண்டும். ஆடிக் காற்று தூறலைப் பக்கவாட்டில் அடிக்கும். பூ நிற்காது, புல் மட்டும் வளரும். ஐப்பசி கார்த்திகை வந்தால் வானம் பிளந்த மாதிரி கொட்டும். தை பிறந்தால் விடியற்பனி, பகலில் வெயில், மாசி பங்குனிக்கு மண் வெடிக்கும். அந்த வெயிலுக்காக அவர் முன்கூட்டியே தேங்காய் மட்டைகளைக் குழியில் நார்ப் பக்கம் மேலாக அடுக்கிப் புதைத்து வைப்பார். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்திருந்து மெல்ல விடும். முள்முருங்கை இலையையும் வெட்டின புல்லையும் வேரைச் சுற்றிப் போர்த்துவார். விடியுமுன் தூரில் மட்டும் ஊற்றுவார், இலையை நனைக்கமாட்டார். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுகிற வுளூத் தண்ணீர் சும்மா போகிறதே என்று முதலாளி சொல்ல, அந்தக் குழாயடியிலிருந்து பைப் இழுத்துப் புல்வெளிக்கு விட்டதும் அவர்தான். வறட்சியில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. மிச்சத்துக்கு பவுசர் லொறியில் வரும் தண்ணீர். அதனால் செலவழிக்கிற தண்ணீரில் இராமையாவை யாரும் குறை சொல்ல முடியாது. பிசகு வேறு இடத்தில் நடந்தது.

போன கார்த்திகை மழையில் கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் மண் ஒரு கட்டாகப் பெயர்ந்து விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து மலையைச் சுற்றி நடந்தார். தண்ணீர் மலைக்குள் இறங்கக் கூடாது, விழுந்த வேகத்தில் வெளியே போக வேண்டும் என்றார். இராமையாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடிக் கிடந்த பழைய தேயிலைக் கான்களைத் தோண்டியெடுத்தார், புதிதாகவும் வெட்டினார், எல்லாவற்றையும் ஓரத்துப் பெரிய கானில் சேர்த்து ரோட்டுப் போக்கின் மதகுக்கு இறக்கினார். மார்கழி மழை முழுவதும், வானத்திலிருந்து விழுந்ததில் ஒரு சொட்டு அந்தச் சரிவில் தங்கவில்லை. குடையோடு நின்று பார்த்த முதலாளி தோளில் தட்டினார். இராமையாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் ராக்கம்மா கிடந்த நிலைக்கு, நாளில் ஒரு காரியமாவது சரியாக நடக்கிறதே என்று இருந்தது.

தை கழியுமுன் பீலி நூலாக இளைத்தது. மாசியில் சொட்டியது. பிறகு சொட்டும் நின்றது.

அடுத்த வீட்டுப் பேச்சியம்மா கொழுந்து எடுக்கிறவள்; நடு வயது தாண்டியவள்; வாய்க்குப் பூட்டுப் போடாதவள். ஒரு காலையில் இராமையா வெறும் கேனோடு திரும்பிவந்தபோது வாசலில் நின்று பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, மேல பங்களாவுல புல்லு பச்சையா இருக்காமே.”

“இருக்கு.”

“எங்க பீலித் தண்ணிய குடிச்சா பச்சையா இல்லாம வேற எப்பிடி இருக்கும்?”

“பீலித் தண்ணி ஒரு சொட்டு அங்க வல்ல தங்கச்சி. பவுசர் தண்ணி. மொகம் கழுவுன தண்ணி. நானே ஊத்துறேன், எனக்குத் தெரியாதா?”

“ஒங்களுக்குத் தெரியும். அதான் கேக்குறேன். மொதலாளி வூட்டுப் பூவுக்கு மொகம் கழுவிவிடுறீங்க. ராக்கம்மா அக்காவுக்கு ஊத்தத் தண்ணியில்ல.”

“நாக்க கொஞ்சம் நனைச்சுக்க. காஞ்சு போச்சு போல.”

“எதால நனைக்க?” என்று கேட்டுவிட்டு அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதில் சரியாகத்தான் சொன்னோம் என்று இராமையா நினைத்தார். ஊற்றிலிருந்து யாரும் குழாய் இழுக்கவில்லை. அது உண்மை.

அதன் பிறகு அவர் அடுத்த மலையின் பீலிக்கு நடக்கத் தொடங்கினார். அங்கே இன்னொரு லயம். அந்தப் பீலியில் மட்டும் விரல் தடிமனுக்குத் தண்ணீர் விழுந்தது. அந்த லயத்து ஆட்கள் முகம் சுளித்தாலும் அவர்கள் நிரப்பி முடித்த பிறகு விட்டார்கள். காத்து நிற்கிற நேரத்தில் இராமையா மேலே பார்த்தார். பீலிக்கு மேலே இருந்த மலை அவருக்கு ஆகாத மலை. விட்டுப்போன தேயிலை, ஆள் உயரத்துக்குப் பற்றை, கான் எல்லாம் சருகு விழுந்து அடைந்து கிடந்தன. வேலை செய்த காலத்தில் அதைச் சோம்பேறி மலை என்று அவர்கள் கேலி செய்ததுண்டு. கை சும்மா இருக்காமல் ஏறிப்போய், அடைந்த கான் ஒன்றில் சருகைக் கிளறினார். மேல் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. கையை உள்ளே விட்டார். முழங்கைக்கு வருமுன்பே விரல்கள் ஈரத்தில் பட்டன. மண்புழு ஒன்று சுருண்டது.

அவர் கையை வெளியே எடுத்து அப்படியே நின்றார். கேன் நிரம்பி வழிகிறது என்று கீழேயிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

அன்று கெஸ்ட் ஹவுஸில் போய் முதல் வேலையாக, புல்வெளிக்குக் கீழே ஒரு குழி தோண்டினார். முழங்கை ஆழம் தோண்டியும் மண் காய்ந்த மாவு. இன்னும் தோண்டினார். மாவு. லயத்துப் பீலியின் மண்மேடு அந்தச் சரிவுக்கு நேர் கீழே இருந்தது. மழைக்காலம் முழுவதும் அந்தச் சரிவு குடித்து வைத்திருக்க வேண்டியதை அவர் ஒழுங்காக, வாட்டம் பார்த்து, இலை போட்டுப் பார்த்து, ரோட்டுக்கு அனுப்பியிருந்தார். யாரும் குழாய் போட்டுத் திருடவில்லை. விழுந்த தண்ணீரை ஊற்றுக்குப் போகவிடாமல் வழியனுப்பிவைத்தது அவர் மண்வெட்டி.

வறட்சி இல்லையென்றால் இப்படி ஆகியிருக்குமா, ஆகாதா? அவருக்குத் தெரியவில்லை. சொல்ல ஆளும் இல்லை. ஆனால் அடுத்த மலையில் கை நனைந்தது. இங்கே நனையவில்லை.

நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. இந்த வருஷங்களில் நோன்பு வறட்சிக்குள்தான் வருகிறது. பின்னேரங்களில் நோன்பு திறக்கக் குடும்பம் குடும்பமாகக் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார்கள். நளீர் முதலாளி அஸர் தொழுதுவிட்டுப் புல்வெளி ஓரத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சமையல் ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராமையா போய் நின்றார்.

“வாங்கொ இராமையா. என்ன மூஞ்சி இப்பிடி ஈக்குது? நோன்பு எனக்கா ஒங்களுக்கா?”

“கானெல்லாம் அடைக்கலாமான்னு கேக்க வந்தேன் மொதலாளி.”

“அடைக்கவா? வெட்டினது நீங்கதானே.”

“ஆமாங்க. ரொம்ப நல்லா வெட்டிட்டேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. இராமையா அடுத்த மலையைச் சொன்னார், குழியைச் சொன்னார், பீலியைச் சொன்னார். புண்ணைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. முதலாளி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து, சரிவின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தார். தகரக் கூரைகள் தெரிந்தன.

“அந்த ஐயா என்ன சென்னாரு? மலைக்குள்ள தண்ணி எறங்கப் படாது. எறங்கினா மண் கனத்து வரும். வந்தா எங்க வரும்? என்ட கெஸ்ட் ஹவுஸ் மேல ஈக்குது. ஒங்கட லயம்தானே கீழ ஈக்குது.”

இராமையாவும் கீழே பார்த்தார்.

“ராக்கம்மா படுத்துக் கெடக்கிற மனிசி. மண் வந்தா எழும்பி ஓட ஏலுமா?”

“கொஞ்சம் மட்டும் அடைச்சா என்னாங்க? மேக்குப் பக்கம் மட்டும்?”

“கொஞ்சம்னா எவ்வளவு? அது ஒங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பெருநாள் கழிஞ்சதும் அந்த ஐயாவ வரச்செல்லிக் கேப்பம். அவர் சென்னா அடைங்கொ.” அவர் திரும்பிப் புல்வெளியைப் பார்த்தார். பெருநாளைக்கு அங்கே ஒரு கல்யாண வீட்டார் படம் எடுக்க வரவிருந்தார்கள். “அது வரைக்கும் வுளூத் தண்ணிய நீங்க எடுத்துட்டுப் போங்கொ. புல்லு காஞ்சா காயட்டும். ஆனா காயத்துல வெச்சுடாதீங்கொ. துணிமணிக்கு மட்டும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதில் பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் இராமையாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து பைப்பை மடக்கி வாளியில் பிடித்தார். விரிப்புகளும் துணிகளும் அந்தத் தண்ணீரில் அலசப்பட்டன. புல்வெளி முதலில் ஓரங்களில் வெளுத்தது, பிறகு நடுவில், பிறகு முழுக்கச் சாக்கு நிறமானது. ஹைட்ரேஞ்சியாவின் இலைகள் மத்தியானம் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்து, சில நாளில் சாயங்காலமும் நிமிராமல் போயின. அவர் போர்வை போட்ட சருகைத் தூக்கிப் பார்த்தார். மட்டைக் குழிகள் நின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. மழைக்காலம் முழுக்கக் கானில் போனதை மட்டை எவ்வளவு காலம் ஈடு கட்டும்?

குடிக்கவும் புண் கழுவவும் தண்ணீர் அடுத்த மலையிலிருந்துதான் வர வேண்டும். அவர் முழங்கால் வலியோடு போய்வந்து சேருகிற நேரம் முழுவதும் ராக்கம்மா ஒரே பக்கமாகக் கிடந்தாள். பகலில் லயம் வெறுமையாக இருக்கும், எல்லாரும் மலையில். திருப்பிவிட ஆள் இல்லை. புண் பெரிய குத்தி அளவாகியது. பிறகு அதன் நடுவில் கறுப்பு விழுந்தது.

நிலூஷா மிஸ் அன்று லயத்துக்கே வந்தாள். கட்டைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். புதுத் துணி வைத்து மறுபடி கட்டினாள்.

“மாமா, தண்ணி மட்டும் போதாதுன்னு சொன்னேன்ல. திருப்பணும். ஒரே பக்கம் கெடந்தா ஆறாது.”

“தண்ணி தூக்கப் போனா திருப்ப ஆளில்ல மிஸ். திருப்பறதுக்கு இருந்தா தண்ணியில்ல.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மருந்துப் பெட்டியை மூடினாள். “நாளைக்குக் காலையில கண்டிக்குக் கொண்டு போயிருங்க. இனி வச்சிருக்கக் கூடாது. கறுப்ப வெட்டி எடுக்கணும், ஊசி ஏத்தணும். லயத்துல வச்சு செய்யிற வேலையில்ல.”

“துணைக்கு…”

“தெரியும் மாமா. ஆனா வச்சிருந்தா ரத்தத்துல ஏறிரும்.”

அவள் போன கொஞ்ச நேரத்தில் கண்டிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பங்குனி தொடங்கியதும் எப்போதாவது இப்படி வரும். பெரும்பாலும் இடித்துவிட்டுப் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. தகரத்தில் ஒவ்வொன்றாக விழுந்த பெரிய துளிகள் ஒரே சத்தமாகக் கூடின. மலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து வாளி, சட்டி, பானை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கூரை விளிம்புக்குக் கீழே வைத்தார்கள். முதல் தண்ணீர் தூசியோடு விழுந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார்கள். இராமையாவும் பேசினையும் வாளிகளையும் சோற்றுப் பானையையும் வைத்தார். வைத்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து கான்கள் இரைகிற சத்தம் வந்தது.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினார். கான்கள் நிரம்பி ஓடின. ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் தேங்கவில்லை. குரோட்டன் இலை ஒன்று மேல் கானில் மிதந்து வந்து, ஆள் நடக்கிற வேகத்தில் அவரைத் தாண்டி, வளைந்து, பெரிய கானில் இறங்கி, ரோட்டுப் பக்கம் போனது. காலடியில் மண்வெட்டி கிடந்தது. இரண்டு வெட்டு வெட்டிக் கரையைத் திறந்தால் தண்ணீர் சரிவில் பரவும். அவர் குனிந்து அதை எடுத்தார். பின்பக்கம் பெயர்ந்து விழுந்த இடத்தின் சிவப்பு மண் நனைந்து பளபளத்தது. கீழே தன் வீட்டுக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு இறங்கினார். அவர் வாசலை அடையுமுன் மழை நின்றுவிட்டது. ரோட்டுப் போக்கில் மட்டும் தண்ணீர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

பேச்சியம்மா தன் வாசலில் பானையைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்.

“பீலியில வந்திருச்சாண்ணே?”

“வராது.” அவர் கல்லில் உட்கார்ந்தார். “ஒங்க பீலிய காய வச்சது நான்தான் தங்கச்சி. மொதலாளி இல்ல.” கானையும் சோம்பேறி மலையையும் அதிகாரி சொன்னதையும் சொன்னார்.

அவள் துணியின் முனையை இறுக்கிக் கட்டினாள். “அப்ப கானை அடைச்சா மண்ணு வந்து சாவோம். தொறந்து வச்சா தண்ணியில்லாம சாவோம்.”

“ஆமா.”

“நல்ல வேலை கத்துவச்சிருக்கீங்க.” அதற்கு மேல் அவள் திட்டவில்லை. “நிலூஷா என்னா சொன்னுச்சு?”

“நாளைக்கு ஆஸ்பத்திரி.”

“யாரு நிக்கிறது?”

இராமையா ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் நிக்கிறேன்,” என்றாள் பேச்சியம்மா. “மொகத்த அப்பிடி வச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்கு மேல என்னால ஏலாது, எனக்கும் மலைக்குப் போயி பேரு போடணும். சந்திரகுமார்கிட்டச் சொல்லி ஒரு பொண்ணப் பாக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்காவது ஆகும்.”

மறுநாள் விடிந்ததும் இராமையா அடுப்பில் தண்ணீர் வைத்தார். மழைத் தண்ணீர் வாளிகளில் தெளிந்திருந்தது. கட்டிலின் தலைப் பக்கத்துக்குப் பொலித்தீன் விரித்து, ஓரங்களைச் சுருட்டி வாய்க்கால் மாதிரி மடித்து, நுனியை வெறும் வாளிக்குள் விட்டார். ராக்கம்மாவின் கழுத்துக்குக் கீழே சுருட்டிய துணியை வைத்துத் தலையைக் கட்டில் விளிம்புக்கு இழுத்தார். சூடு பார்த்துக் கலந்து, நெற்றியில் கையை அணைத்து, ஒரு கோப்பை ஊற்றினார். பிறகு ஒன்று. ஷாம்பு பக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தேய்த்தார். அழுக்கு நுரை வாளியில் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பீலி,” என்றாள்.

இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. இருந்த தண்ணீரில் பாதி தீர்ந்தும் நிறுத்தவில்லை. தலை துவட்டி, உடம்பைத் துடைத்து, புதுக் கட்டுப் போட்டு, உலர்ந்த சேலையைச் சுற்றினார். வாளியில் சேர்ந்ததை மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

திரீவீலரில் அவர் ராக்கம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு பக்கம், பேச்சியம்மா பையோடு மறு பக்கம். ஆஸ்பத்திரியில் வண்டிக்கட்டில் கொண்டுவந்தார்கள். வார்ட் வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார். பேச்சியம்மா மட்டும் உள்ளே போனாள். மூலைக்குத் திரும்புமுன் அவள் திரும்பிப் பார்த்து, “திருப்பிவிடுறேன், போங்க,” என்றாள். ராக்கம்மாவின் ஈரத் தலைமயிர் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கிற நேரம் மத்தியானம்தான் என்றார்கள்.

இராமையா பஸ் ஏறி மலைக்கு வந்தார். லயத்தில் நிற்காமல் நேரே மேலே போனார். புல்வெளி காய்ந்தபடியே இருந்தது. நேற்றைய மழை அதை நனைத்ததற்கு அடையாளம்கூட இல்லை. சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து, மேல் கானில் இறங்கி, மழை கொண்டுவந்த மண்ணை வழிக்கத் தொடங்கினார். வழித்ததைக் கூடையில் அள்ளி ஹைட்ரேஞ்சியாவின் தூரில் போட்டார். ஒரு கான் முடிந்ததும் அடுத்த கான். வாட்டம் சரியா என்று இலை போட்டுப் பார்க்கத் தண்ணீர் இல்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சரிசெய்தார்.